ஈஸ்டர் மீனின் எல்லை

ஈஸ்டர் மீன் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வாழ்கிறது: அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துத் தென்பகுதியில் ஹாஸ்கல் மில் என்னும் ஊரில், வெர்ல் டாக்கெட் வீட்டுச் சாப்பாட்டு அறையில். அடுப்படிக் கதவிலிருந்து படுக்கையறைக் கதவுவரை அதன் எல்லை. இந்தப் பக்கம் அடுப்படிக்குள்ளோ அந்தப் பக்கம் படுக்கையறைக்குள்ளோ ஒன்றுகூடத் தலை நீட்டியதில்லை. அறையில் தண்ணீர் கிடையாது. மீன் விரல் நீளம் இருக்கும். உடம்பில் காற்றுப்பை இல்லாத சாதி என்பதால் மிதக்காது. தரையில் உட்கார்ந்திருக்கும், திடீரென்று ஒரு முழம் பாயும், மறுபடி உட்கார்ந்துகொள்ளும். வருஷத்தின் பெரும்பகுதி அழுக்குத் துணி நிறத்தில் கிடந்துவிட்டு, ஈஸ்டர் நெருங்கும்போது ஆண்மீனுக்கு வயிற்றில் செங்காவியும் முதுகில் பச்சையும் நீலமுமாகப் பட்டைகளும் ஏறும். எந்த மீன் எந்த ஆற்றில் எதுவரை இருக்கிறது என்று மாநிலம் போட்டிருக்கும் படப் புத்தகத்தில், கெளுத்திக்குப் பாதிக் கண்டத்துக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஈஸ்டர் மீனுக்கு ஒரு புள்ளி. புள்ளியைப் பெரிதாக்கினால் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் உப்புக் குப்பி தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. உள்ளூர்க்காரர்கள் அந்தக் கேலியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த அறை இருக்கும் இடத்தில் முன்பு டின்கப் ஓடை ஓடியது. ஊரும் அந்த ஓடையோரமாகத்தான் உட்கார்ந்திருந்தது. மர அறுவை ஆலை மூடியபின் ஊரில் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. ஆண்கள் வேலை தேடிக் கன்சாஸ் பக்கம் போய் மாதக்கணக்கில் திரும்பாமல் இருந்தார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு கம்பெனி வந்து, செருப்புத் தொழிற்சாலை கட்டுகிறோம், பெண்களுக்கும் வேலை உண்டு, ஆனால் ஓடை படுத்திருக்கும் சமநிலம் முழுக்க வேண்டும் என்றது. ஓடையை மேற்கே மேட்டோரமாக ஒரு சிமெண்ட் வாய்க்காலில் தள்ளிவிடுவதாகத் திட்டம். ஊரே சந்தோஷப்பட்டது. தடையாக வந்தது பல்கலைக்கழகத்தில் மீன்களை ஆராயும் டாக்டரம்மா கான்ஸ்டன்ஸ் பீலர் மட்டும்தான். அவர் அப்போது சின்னப் பெண். ஒரு கோடை முழுக்க ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு டின்கப்பில் வலையோடு அலைந்தவர், ஒரே ஒரு மீனைப் பிடித்துச் சாராயக் குப்பியில் போட்டுக்கொண்டு போனார். போனவர் திரும்பி வந்து, இது வேறெங்கும் இல்லாத மீன், இந்த ஓடையில் கல்லிடுக்கில் தண்ணீர் சலசலக்கும் ஒரு துண்டு இடத்தில் மட்டும்தான் இருக்கிறது, மீன் மலை ஏறி அடுத்த ஓடைக்குப் போகாது, இதன் ஊர் இதுதான், இதை எடுத்துவிட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது என்றார். அழியும் உயிர்களைக் காக்கும் சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் மறுவருஷம் வறட்சி. எவ்வளவு தேடியும் அவருக்கு இரண்டாவது மீன் கிடைக்கவில்லை.

அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடத்தில் விசாரணை வைத்தார். ஊர்ப் போதகர் பிரதர் ஹோலிஸ் ஜெபம் பண்ணித் தொடங்கிவைத்தார். டாக்டரம்மா படத்தை மாட்டி, நெடுநேரம் பேசினார். அதிகாரி கொட்டாவியை மென்றுகொண்டு, இந்த ஓடையை நன்றாக அறிந்தவர் ஊரில் யாராவது உண்டா என்று கேட்டார். கூடமே திரும்பி வெர்ல் டாக்கெட்டைப் பார்த்தது. வெர்ல் பாலத்தடியில் தூண்டில் இரையும் ஆணியும் விற்கும் கடை வைத்திருந்தவர். தூண்டில் நரம்பு இழுக்கும் இழுப்பை வைத்தே முனையில் இருப்பது இன்ன மீன் என்று சொல்லிவிடுவார். வாயைத் திறந்தால் பொய் வராது என்று பேர் எடுத்தவர். அவர் எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மலைப்பக்கத்தில் வாணலியில் போட்டு வறுக்கும் அளவுக்கு வராத மீன் எதுவானாலும் அதற்குப் பொடி என்று பேர். குஞ்சும் பொடி, கிழடும் பொடி, இரைக்கு மாட்டுவதும் பொடி. பொடிக்குத் தனித்தனியாகப் பேர் வைப்பவன் வேலையற்றவன் என்பது பொது அபிப்பிராயம். வெர்ல் அதிகாரியைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"டின்கப்புல இருக்குறதெல்லாம் பொடிதாங்கய்யா. வெறும் பொடி."

கூடம் வெடித்துச் சிரித்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது என்று சொல்வார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை. அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனபோதும் சிரிப்பு ஓயவில்லை. விஷயம் முடிந்தது.

வெர்ல் சொன்னது அந்த ஊர்ப் பேச்சுப்படி பொய்யே இல்லை. அவரும் தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் அவருக்கு அந்த மீனைத் தெரியும். நன்றாகத் தெரியும். நீவாவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்பதற்கு முந்தைய வசந்தத்தில், அவளை அந்தச் சலசலப்புக்குக் கூட்டிப்போய், கல்மேல் குப்புறப் படுக்கவைத்து, ஆண்மீன்கள் நிறமேறி ஒன்றையொன்று துரத்துவதைக் காட்டியிருக்கிறார். ஈஸ்டர் என்று அதற்குப் பேர் வைத்ததே அவர்தான் என்பது அவர் நினைப்பு. அவருக்குக் கம்பெனிக்காரன் எதுவும் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. கன்சாஸிலிருந்து திரும்பாத ஆண்களின் மனைவிமார் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போகும்போது நீவா அவருக்கு நாலடி முன்னால் நடந்தாள். வீட்டுக்குப் போனதும் அவர் தொப்பியை ஆணியில் மாட்டாமல் பெட்டிக்குள் வைத்தார்.

இலையுதிர் காலத்தில் ஓடையை வாய்க்காலுக்குத் திருப்பினார்கள். இயந்திரங்கள் பள்ளத்தை மண்போட்டு நிரவின. தொழிற்சாலை எழும்பியது, கூடவே ஓடைக்கரைத் தெரு என்று ஒரு தெருவும் எழும்பியது. தெருவில் ஓடை இல்லாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடை போனபின் பாலத்தடியில் இரை வாங்க வருகிறவர் இல்லாததால், வெர்ல் கடையை மூடிவிட்டு அந்தத் தெருவில் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார். எல்லாம் ஒரே செம்மண்ணாக நிரவிக் கிடந்ததில் தன் மனை பழைய ஓடையின் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

நிரவிய நிலத்தில் வீடுகளும் கடைகளும் புதுக் கோயிலும் எழும்பி முடிந்ததற்கு மறுவருஷம் பனி உருகியதும் மீன்கள் திரும்பி வந்தன. தண்ணீர் வரவில்லை, மீன்கள் மட்டும் பழைய வழியில் வந்தன. எங்கே ஓடை ஆழமாக இருந்ததோ அங்கே உயரத்திலும், எங்கே ஆழமில்லையோ அங்கே தரையிலுமாக நீந்தின. பாஸ் மீன்கள் வங்கியில் மார்பு உயரத்தில் போய்வந்தன. டூலியின் முடிவெட்டும் கடையில் நாற்காலிக்கு அடியில் ஒரு சன்ஃபிஷ் மீன் கூடு கட்டி, டூலியின் கணுக்காலை நாளெல்லாம் கடித்தது. பழைய மடு இருந்த இடத்தில் பாப்டிஸ்ட் கோயில் நின்றதால் அங்கே பாடகர் குழுவின் தலைக்குமேல்கூட மீன் இருந்தது. ஏப்ரலில் சக்கர் மீன்கள் கூட்டமாக எதிர்நீச்சல் போட்டு நடுப்பாதை வழியாகப் பலிபீடத்தை நோக்கிப் போயின. செருப்பு நனையாது, ஆனால் கால் சில்லிடும். வாய்க்காலில் வெள்ளம் வந்தால் வீடுகளில் மீன்கள் விளக்கு உயரத்துக்கு ஏறும். முதல் வாரம் எல்லோரும் கொஞ்சம் மிரண்டார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் பல்லு வைத்த ஈட்டியால் சக்கர் குத்தி, முள் தெரியாதபடி நெருக்கமாகக் கீறி, சோளமாவில் புரட்டிப் பொரிப்பது அந்த ஊர் வழக்கம். இப்போது அதற்குப் படகு தேவைப்படவில்லை. வங்கியில் ஈட்டியோடு வரிசையில் நின்ற ஒருவரைப் பார்த்துக் காசாளர் மயங்கி விழுந்தபின், வனத்துறைக்காரர் ஓர் ஆணை போட்டார்: படுக்கையறையில் பிடித்தாலும் லைசென்ஸ் வேண்டும், பொது அலுவலகங்களில் ஈட்டி கூடாது. அந்த ஆணை இன்றும் நடப்பில் இருக்கிறது.

ஈஸ்டர் மீன் மட்டும், பழைய சலசலப்பு இருந்த இடமான வெர்ல் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வந்து இறங்கியது. ஒரு காலைவேளை நீவா முட்டைத் தட்டோடு அறைக்குள் வந்தவள், தரையைப் பார்த்தாள். நாற்காலிக் காலடியில் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. வயிறு செங்காவியில் எரிந்தது. அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

"வெர்ல், இங்க வந்து பாரு. ஒன் பொடி வந்திருக்கு."

அவர் வந்து பார்த்துவிட்டு நேராகப் போய் சன்னல் திரைகளை இழுத்து மூடினார். அந்தத் திரைகள் பல வருஷம் திறக்கப்படவில்லை.

தெருவில் எல்லார் வீட்டிலும் மீன் இருந்தது, யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஒரு மீன் கண்ணில் பட்டால் கதை வேறு. வெர்ல் தெரிந்தே மறைத்தார் என்பது வெளியே வரும், டாக்டரம்மா வருவார், சட்டம் வரும், தொழிற்சாலைக்குப் பூட்டு விழும், இந்தத் தெருவையே தோண்டி ஓடையைத் திரும்ப விடச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ஐவா ஜீன் கன்சாஸிலிருந்து திரும்பாத ஒருவனின் மனைவி. தொழிற்சாலையில் செருப்பு மேல்தோல் தைத்துத்தான் குடும்பத்தை ஓட்டினாள். அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று வெர்ல் நினைத்துக்கொள்வார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மீதி, தன் முகத்தை ஊர் பார்க்கும் பார்வை மாறிவிடக் கூடாதே என்ற பயம். வெட்கக்கேடு என்னவென்றால், எது எவ்வளவு என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒருமுறை அவர் அதற்கு வழி பண்ணப் பார்த்தார். அந்தப் பக்கத்து மீன்பிடிகாரர்கள் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு: நாள் முடிந்ததும் வாளியில் மிச்சமிருக்கும் பொடியை எந்த ஓடைப் பக்கம் நிற்கிறார்களோ அந்த ஓடையிலேயே கொட்டிவிடுவது. மீனுக்கு உயிர் கிடைத்தது, நமக்குப் புண்ணியம் கிடைத்தது என்று போய்க்கொண்டே இருப்பார்கள். மீனுக்குத் தண்ணீர் இருந்தால் போதும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெர்லும் இரை வாளியை எடுத்துக்கொண்டு, மேசைக்கடியில் தவழ்ந்து, ஈஸ்டர் மீன்களைக் கையால் ஒத்தி ஒத்தி வாளிக்குள் தள்ளினார். காரில் மலையைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த பள்ளத்தாக்கு ஓடையில், அதே மாதிரிச் சலசலக்கும் இடமாகப் பார்த்துக் கொட்டினார். தண்ணீர் பட்டதும் அவை அங்கே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சாப்பாட்டு அறையில் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. நீவா அடுப்படி வாசலில் நின்று வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணுதான் அன்னிக்கே சொல்லிச்சே, அதுங்க மலையேறிப் போகாதுன்னு. நீதான் கேக்கல" என்றாள்.

அந்த ஊரில் போதகருக்கு ஞாயிறு மதியச் சாப்பாடு வீடு மாறி மாறிப் போடுவது முறை. கோழி வறுத்து, அவரைக்காய் அவித்து, போதகரை மேசைத் தலைமாட்டில் உட்காரவைப்பார்கள். டாக்கெட் வீட்டு முறை வரும்போதெல்லாம் நீவாவுக்குத் தலைவலி வந்தது, அல்லது குழாய் வெடித்தது, அல்லது சின்னம்மா செத்தாள். நீவாவுக்குச் சின்னம்மாக்கள் ஏராளம் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். போதகருக்குச் சோறு போடாத வீடு என்றால் அந்த ஊரில் அதைவிட மோசமான பேச்சு கிடையாது. கஞ்சத்தனம் என்று சிலரும், புருஷன் பெண்டாட்டிக்குள் அடிதடி என்று சிலரும் சொன்னார்கள். நீவா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அவள் வெர்லைத் திட்டியதில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவரோடு உட்காரவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள். அவர் மட்டும் மேசையில், காலைத் தூக்கி நாற்காலிச் சட்டத்தில் வைத்துக்கொண்டு, மீன்களுக்கு நடுவே தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். முட்டையிடும் மாதத்தில் ஆண்மீன்கள் ஆளுக்கொரு அடி நிலத்தைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்கும். அப்போது இருவரும் சுவரோரமாக ஒருக்களித்து நடந்து படுக்கப் போவார்கள். இப்படியே அவர் தலை நரைத்தது.

கான்ஸ்டன்ஸ் பீலர் மறுபடி வந்தபோது அவரும் நடுவயதைத் தொட்டிருந்தார். ஹாஸ்கல் மில்லில் மீன்கள் வீட்டுக்குள் திரிகின்றன, படப் புத்தகத்தில் அவற்றின் எல்லையைப் போட வேண்டும் என்று மாநிலம் அனுப்பியிருந்தது. அவர் வீடு வீடாகப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, எந்த மீன் எந்த அறையில் என்று குறித்துக்கொண்டு வந்தார். அந்தக் கூடத்தில் சிரித்தவர்கள் எல்லோரும் அவருக்குக் காப்பி கொடுத்தார்கள். பழைய விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, இவர்களும் எடுக்கவில்லை. டாக்கெட் வீட்டு வாசலில் வெர்ல் கதவைக் கால்வாசி திறந்து நின்றுகொண்டார்.

"எங்க வீட்டுல ஒண்ணும் இல்லீங்கம்மா."

"பக்கத்து வீட்டுல இருக்கு, எதிர்வீட்டுல இருக்கு. நடுவுல உங்க வீட்ட மட்டும் எப்படித் தாண்டிப் போகுது?" என்று அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை. "சின்னதா ஏதாச்சும் இருந்தாக்கூடச் சொல்லுங்க."

வெர்ல் வாயைத் திறந்தார். அந்தப் பழைய சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே நீவா ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். "இந்த ஞாயித்துக்கிழமை போதகருக்கு நம்ம வீட்டு முறை" என்றாள். "இந்த வாட்டி எனக்குத் தலைவலி வராது, வெர்ல். சின்னம்மாவும் யாரும் பாக்கி இல்ல. நீ என்ன பண்ணுவியோ பண்ணு."

அந்த ஞாயிறு கோயிலில் சக்கர் மீன்கள் நெருக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கடைசிப் பாட்டுப் பாடும்போது, மனம் உறுத்துகிறவர்கள் முன்னால் வரலாம் என்று பிரதர் ஹோலிஸ் வழக்கம்போல் அழைத்தார். வழக்கமாக வருகிறவர்கள் குடிகாரர்கள் இரண்டு பேர். அன்று வெர்ல் டாக்கெட் எழுந்தார். மீன்களோடு மீனாக அந்தப் பாதையில் நடந்து முன்னால் போய் நின்று சொன்னார்: டாக்டரம்மா சொன்ன மீன் இருந்தது, எனக்குத் தெரியும், பொடி என்று சொல்லி மறைத்தேன், இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. பாட்டு பாதியில் நின்றது. ஐவா ஜீன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில் இருந்த கான்ஸ்டன்ஸ் எழுந்து நின்றார். பிரதர் ஹோலிஸ் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, இன்று சாப்பாடு அங்கேதானே, எல்லாருமே போய்ப் பார்த்துவிடுவோம் என்றார்.

டாக்கெட் வீட்டுக்குள் காலுறையோடு வந்து சுவரோரமாக நெருக்கியடித்து நின்றார்கள். இடம் போதாமல் அடுப்படி வாசலில் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். நீவா திரைகளைத் திறந்துவிட்டாள். வெயில் தரையில் விழுந்ததும் ஆண்மீன்கள் தட்டில் மிட்டாய் கொட்டியது மாதிரித் தெரிந்தன. வெர்ல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஊர் தன்னைக் காறித் துப்பும் என்று காத்திருந்தார். முதலில் வந்தது டூலியின் குரல்.

"அடடே, மிட்டாய்க்காரன்!" என்றார் டூலி. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க வீட்டுல இத ஞாயித்துக்கெழமச் சட்டைன்னு சொல்லுவோம்" என்றாள் ஐவா ஜீன், தரையைப் பார்த்தபடி.

வங்கிக்காரரின் மனைவி சின்ன ராசா என்றாள். மூலையில் யாரோ முனகலாக வேறொரு பேர் சொன்னார்கள். பிரதர் ஹோலிஸ் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், "யோசேப்பு" என்றார் மெதுவாக. "பைபிள்ல வர்ற மாதிரியே பலவருண அங்கி போட்டுக்கிட்டு நிக்கிறானில்ல. எங்கப்பா வெச்ச பேரு." ஒவ்வொரு பேர் விழ விழ அறை அடங்கிக்கொண்டே போனது. அந்த அறையில் அத்தனை குடும்பத்திலும் அதற்கு ஒரு பேர் இருந்தது. பொடி என்று அதை யாரும் கூப்பிட்டதே இல்லை.

கான்ஸ்டன்ஸ் பீலர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப அன்னிக்கி எல்லாரும் ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரித்தான் கேட்டார். பதில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது: தாங்கள் சொல்ல வேண்டிய பொய்யை இன்னொருவர் சொல்லிவிட்டார் என்ற நிம்மதியில் சிரித்தார்கள். அன்று கூடம் ஏன் திரும்பித் தன்னைப் பார்த்தது என்பது வெர்லுக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடையைத் தெரிந்தவர் என்பதற்காக இல்லை. அவர் சொன்னால் நம்புவார்கள் என்பதற்காக. அவருக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. இத்தனை பேரும் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்க அவருக்குத் தன் வெட்கமே தேவலை என்றிருந்தது. ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். போதகரும் கோழியைத் தொடாமல் போனார்.

எல்லோரும் போனபின் நீவா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அதுதான் அந்த வீட்டில் அவள் அந்த மேசையில் உட்கார்ந்த முதல் தடவை.

"நானும்தான் சிரிச்சேன், வெர்ல்" என்றாள். "மூணாவது வரிசையில உக்காந்துக்கிட்டு, எல்லாரும் சிரிக்கவும் நானும் சிரிச்சேன். ஒம்மேல கோவம்னு இத்தன வருஷமா காட்டிக்கிட்டிருந்தேனே, அது முழுக்க ஒம்மேல இல்ல."

வெர்ல் கோழியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "கேட்டுச்சு" என்றார். "அத்தனை சத்தத்துலயும் ஒன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் எழுந்து போய்த் தேற்றவில்லை. நடுவில் மீன்கள் இருந்தன. மேசைக்குமேல் கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஊர் நடந்துகொண்ட விதம் பார்க்கச் சகிக்காது. தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டூலி கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டு முடிவெட்டினார், உட்கார்ந்தவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. அரசாங்கத்திலிருந்து அதிகாரிகள் வந்து வெகுநாள் வாதாடினார்கள். ஓடையைத் திரும்ப விட்டால் மீன் வாழும் அறை இடிந்துபோகும், விடாவிட்டால் சட்டம் இடிக்கும் என்று திண்டாடி, கடைசியில் சாப்பாட்டு அறையையே காப்பிடமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். மேசையை நகர்த்த அனுமதி வாங்க வேண்டும், தரையைக் கூட்டலாம், துடைக்கக் கூடாது. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே செருப்புக் கம்பெனி கூலி மலிவான வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது. போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஐவா ஜீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். எதற்காகப் பொய் சொன்னார்களோ அது போய்விட்டது, பொய் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. ஓடை இன்னும் சிமெண்ட் வாய்க்காலில் ஓடுகிறது. அதில் ஒரு மீன் கிடையாது.

வெர்ல் டாக்கெட் எண்பது தாண்டி, ஓர் ஏப்ரல் காலையில், தன் கட்டிலில் இறந்தார். மாவட்டத் தலைநகரிலிருந்து சவ அடக்கக்காரர்கள் இரண்டு பேர் வண்டியில் வந்தார்கள். இரண்டு பேருமே இளைஞர்கள், இந்த ஊருக்குப் புதுசு. முன்வாசலில் டூலியும் பிரதர் ஹோலிஸும் ஐவா ஜீனும் இன்னும் சிலரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டூலிக்கு அப்போது கைத்தடி வந்துவிட்டது. உடலை வெளியே கொண்டுவரப் படுக்கையறையிலிருந்து சாப்பாட்டு அறை வழியாகத்தான் வர வேண்டும். இளைஞர்கள் தூக்குப் படுக்கையோடு சாப்பாட்டு அறை வாசலுக்கு வந்தபோது டூலி கைத்தடியைக் குறுக்கே நீட்டினார். ஐவா ஜீனும் ஹோலிஸும் அதற்குள் வெளியே சுற்றிப் போய்ப் படுக்கையறைச் சன்னலின் சட்டத்தைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"கதவு இங்கயே இருக்கே, பெரியவரே" என்றான் ஓர் இளைஞன்.

"அந்த வழியில குடியிருக்காங்க, தம்பி" என்றார் டூலி. "குஞ்சு பொரிக்கிற நேரம். நாங்க பண்ணுனதெல்லாம் போதும்."

இளைஞன் எட்டித் தரையைப் பார்த்தான். அரைநிமிடம் பார்த்தான். பிறகு செருப்புக் காலை மெதுவாகப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, சன்னல் சட்டத்தின் மறுமுனையைப் பிடிக்கப் போனான். வெளியே நீவா ரோஜாச் செடிகளை இரண்டு கையாலும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெர்லைச் சன்னல் வழியாக இறக்கினார்கள்.